வாங்கும் முன் எண்ணுங்கள்! புட்பால் மேனேஜர் கேமில் கைக்கு வந்த அணியை எடை போடுவது எப்படி?

கம்ப்யூட்டர் கேம் என்றாலே துப்பாக்கி எடுத்துச் சுடுவது, இல்லாவிட்டால் கார் ஓட்டுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த இரண்டிலும் சேராத ஒரு வகை உண்டு. அதில் நீங்கள் ஓட வேண்டாம், பந்தை உதைக்க வேண்டாம், கீபோர்டைத் தட்டித் தேய்க்கவும் வேண்டாம். ஒரு கால்பந்து அணியின் மேனேஜராக உட்கார்ந்து யாரை ஆட வைப்பது, யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்று முடிவு எடுக்க வேண்டும். முடிவுகள் சரியாக இருந்தால் உங்கள் வேலை நிலைக்கும். தொடர்ந்து தவறினால் கிளப் நிர்வாகம் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது புட்பால் மேனேஜர். இங்கிலாந்தைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் உருவாக்கிய இதன் முதல் வடிவம் 1992ல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் வந்தது. 2004 முதல் இதைத் தயாரிக்கும் ஸ்போர்ட்ஸ் இண்டராக்டிவ் நிறுவனம் புட்பால் மேனேஜர் என்ற பெயரில் வெளியிட்டு வருகிறது. இதில் உள்ள வீரர்கள் பெரும்பாலும் நிஜ வீரர்கள். இந்த டேட்டாபேஸின் மதிப்பை ஒரே செய்தியில் சொல்லிவிடலாம். 2008ல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப், புது வீரர்களைத் தேடுவதற்கு இதைப் பயன்படுத்திக் கொள்ள ஒப்பந்தமே போட்டது.

நம் நாட்டு அணிகளும் இதில் உண்டு. புட்பால் மேனேஜர் 2024 பதிப்பில் இந்தியன் சூப்பர் லீக், ஐ-லீக் இரண்டையும் தேர்ந்தெடுத்து விளையாடலாம். சென்னையின் எப்.சி.யை எடுத்துக் கொண்டால், நீங்கள் போய் உட்காருவது ஓவன் கோய்ல் என்ற ஸ்காட்லாந்துப் பயிற்சியாளரின் நாற்காலியில். அவரைப் பற்றிச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

இந்தக் கேமைப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே செய்யும் வேலை ஒன்று உண்டு. பழைய வீரர்களில் பாதிப் பேரை விற்பனைப் பட்டியலில் போட்டுவிட்டு, பெயர் தெரிந்த நட்சத்திரங்களை வாங்கக் கிளம்புவார்கள். நான் நார்த்தாமலையில் வசிக்கிறேன். என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தால் என் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டுதான். அவனும் இதைத்தான் செய்தான். ஒரே வாரத்தில் 11 பேரை விற்றான். பத்தாவது ஆட்டம் முடிந்ததும் நிர்வாகம் அவனை நீக்கிவிட்டது. "டீம் சரியில்ல மாமா" என்றான். டீமை அவன் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

முன்பு இருந்தவர் விட்டுச் சென்ற அணி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொள்ளாமல் என்ன வேண்டும் என்று சொல்ல முடியாது. அதைத் தெரிந்து கொள்ளும் வழிகளை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கலாம்.

நிஜத்தில் நடந்த பாடம்

2019-20 சீசனில் சென்னையின் எப்.சி.யின் தொடக்கம் படுமோசமாக இருந்தது. அதற்கு முந்தைய 2018-19 சீசனில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் இருந்த அணி இது. புதிய சீசனிலும் முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. 6 ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தவை 5 புள்ளிகள். 2017-18ல் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலகினார். 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார்.

டிசம்பரில் வருபவர் புது வீரர்களை வாங்கிக் குவிக்க முடியாது. அடுத்த டிரான்ஸ்பர் காலம் ஜனவரியில்தான். எனவே கையில் இருப்பவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். அப்படி ஆடிய அணி, அடுத்த 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள் எடுத்தது. மொத்தம் 29 புள்ளிகளுடன் 4ஆம் இடம் பிடித்தது. அரையிறுதியில் கோவா அணியை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று வென்றது. 2020 மார்ச் 14 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது.

கோப்பை கிடைக்கவில்லைதான். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் ஆடியவர்களைப் பாருங்கள். கோல் கீப்பர் விஷால் கைத், டிபென்டர்கள் லூசியன் கோயான், எலி சாபியா, மிட்பீல்டர்கள் அனிருத் தாப்பா, ரபேல் கிரிவெல்லாரோ, விங்கில் லாலியன்சுவாலா சாங்தே, ஸ்ட்ரைக்கர் நெரியஸ் வால்ஸ்கிஸ். எல்லாருமே கோய்ல் வருவதற்கு முன்பே அணியில் இருந்தவர்கள். முதல் 4 ஆட்டங்களில் கோல் அடிக்க முடியாமல் தவித்த அதே வால்ஸ்கிஸ், சீசன் முடிவில் 15 கோல்கள் கணக்கில் வைத்திருந்தார்.

கேமில் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். கையில் இருப்பவர்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது.

தொடங்கும் முன்

கேமில் புதிய கேரியர் தொடங்கும்போது எந்த நாடுகளின் லீக்குகள் வேண்டும் என்று கேட்கும். ஆசைப்பட்டு பத்து நாடுகளை டிக் செய்திட வேண்டாம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம்தான் என்றால், இந்தியாவை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டாபேஸ் அளவைச் சிறியது என்று வைத்துக் கொள்ளவும். கேம் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்ற மதிப்பீட்டை அந்தத் திரையே காட்டும்.

அதே இடத்தில் கூடுதல் அமைப்புகளில், முதல் டிரான்ஸ்பர் காலத்தில் யாரும் யாரையும் வாங்க முடியாதபடி செய்திடும் ஆப்ஷன் ஒன்று உள்ளது. புதியவர்கள் அதை டிக் செய்து விளையாடிப் பார்க்கலாம். கோய்லுக்கு டிசம்பர் மாதம் விதித்த அதே கட்டுப்பாடு உங்களுக்கும் வந்துவிடும். வாங்கும் வழி அடைபட்டால்தான் இருப்பதைப் பார்க்கும் பழக்கம் வரும்.

இன்னொன்று. ப்ரிபரன்ஸஸ் பகுதிக்குச் சென்று ஆட்டோ சேவ் வசதியை வாரம் ஒரு முறை என்று அமைக்கவும். ஒரே பைலில் எழுதாமல், மாறி மாறிப் பல பைல்களில் சேமிக்கும்படி வைப்பது நல்லது. யுபிஎஸ் இல்லாத வீட்டில், சேவ் ஆகிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பைல் கெட்டுப் போகலாம். முந்தைய பைல் ஒன்று இருந்தால் கவலை இல்லை.

படி 1: மதிப்பெண் போடுபவரைப் பாருங்கள்

அணியின் பட்டியலைத் திறந்ததும் ஒவ்வொரு வீரருக்கும் நேரே நட்சத்திரங்கள் தெரியும். நான்கு நட்சத்திரம் என்றால் நல்லவர், ஒன்றரை என்றால் வேண்டாதவர் என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இந்த நட்சத்திரங்கள் உங்கள் அணியோடு ஒப்பிட்டுத் தரப்படுபவை. பலவீனமான அணியில் நான்கு நட்சத்திரம் வாங்கும் வீரர், வலுவான அணிக்குப் போனால் இரண்டுக்கு இறங்கிவிடுவார். வீரர் மாறவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள்.

இரண்டாவது, இது உங்கள் பயிற்சியாளர் ஒருவரின் கருத்து. அந்தப் பயிற்சியாளருக்கே திறன்கள் உண்டு. ஸ்டாப் பகுதியில் அவர் பெயரைக் கிளிக் செய்திடவும். வீரரின் இப்போதைய திறமையைக் கணிக்கும் ஆற்றல், வருங்காலத் திறமையைக் கணிக்கும் ஆற்றல் என்று இரண்டு எண்கள் இருக்கும். இவை 20க்கு 15க்கு மேல் இருந்தால் அவர் தரும் நட்சத்திரங்களை நம்பலாம். 7, 8 என்று இருந்தால், அரைகுறையாகப் படித்தவர் திருத்திய விடைத்தாள் போலத்தான். எனவே முதலில் ஆசிரியரைச் சோதித்துவிட்டுப் பிறகு மாணவனின் மதிப்பெண்ணைப் பாருங்கள்.

எங்கள் ஊரில் ஒன்பது குன்றுகள் இருக்கின்றன. கீழே சாலையில் போகிறவருக்கு எல்லாம் வெறும் பாறைகளாகத்தான் தெரியும். மேலமலையில் ஏறியவருக்குத்தான் அங்கே விஜயாலய சோழீச்சுரம் இருப்பது தெரியும். நட்சத்திரங்கள் சாலையில் இருந்து பார்ப்பது போன்றவை. இனி ஏறத் தொடங்கலாம்.

படி 2: தலை எண்ணுங்கள்

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் பெரும்பாலானோர் செய்யாத வேலை இதுதான். ஒரு வெள்ளைத் தாளில் 11 இடங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு பெயர்கள் எழுதப் பாருங்கள். 24 பேர் கொண்ட அணியில் ஸ்ட்ரைக்கர்கள் 5 பேர் இருப்பார்கள், இடது பக்க டிபென்டர் ஒரே ஒருவர் இருப்பார். அவருக்குக் கணுக்கால் பிசகினால் அந்தப் பக்கம் திறந்த வீடுதான். 2023 பதிப்பு முதல் ஸ்குவாட் பிளானர் என்ற பகுதி இந்த வேலையை கேமிலேயே செய்து தருகிறது. இருந்தாலும் ஒரு முறை கையால் எழுதிப் பாருங்கள். பெயர்கள் மனதில் பதியும்.

எழுதும்போது ஒவ்வொரு வீரரும் வேறு எந்த இடங்களில் ஆடக்கூடியவர் என்பதையும் குறித்துக் கொள்ளவும். வீரரின் பக்கத்தில் மைதானப் படம் ஒன்று இருக்கும். அதில் பச்சையாகத் தெரியும் இடங்கள் அவருக்குப் பழக்கமானவை. இரண்டு இடங்களில் ஆடக்கூடிய ஒருவர், நீண்ட சீசனில் இரண்டு சம்பளத்தை மிச்சப்படுத்துவார். கோய்லுக்குக் கிடைத்த தமிழ்நாட்டு வீரர் எட்வின் வான்ஸ்பால் இப்படிப்பட்டவர். 2018-19ல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி அணியில் ஆடியவர். வலது பக்கத் தடுப்பிலும் நிற்பார், நடுக்களத்திலும் நிற்பார்.

இந்திய அணிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெளிநாட்டு வீரர்களுக்கு வரம்பு இருக்கிறது. 2019-20ல் களத்தில் ஒரே நேரத்தில் 5 பேர் வரை ஆடலாம் என்று இருந்தது. 2021-22 சீசனில் அது 4 ஆகக் குறைந்தது. உங்கள் சேவ் கேமில் என்ன விதி என்பதைப் போட்டியின் ரூல்ஸ் பக்கத்தில் பார்த்துக் கொள்ளவும். 4 பேர்தான் என்றால், மீதி 7 இடங்களும் இந்திய வீரர்களுடையவை. அணியின் உண்மையான பலம் அந்த 7 பேர்தான். ஐந்தாவது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை வாங்கிப் பெஞ்சில் உட்கார வைப்பதை விட, ஒரு நல்ல இந்திய டிபென்டருக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

படி 3: தேதியைப் பாருங்கள்

அடுத்து, ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிய 6 மாதமே இருக்கும்போது ஒரு வீரர் வேறு கிளப்புடன் பேசிக் கையெழுத்திடலாம் என்பது உலகக் கால்பந்து சங்கமான பிபாவின் விதி. கேமும் இதைப் பின்பற்றுகிறது. கவனிக்காமல் விட்டால், உங்கள் சிறந்த மிட்பீல்டர் சீசன் முடிந்ததும் ஒரு பைசா தராமல் வேறு அணிக்குப் போய்விடுவார்.

பட்டியலை ஒப்பந்த முடிவுத் தேதி வாரியாக அடுக்கினால் மூன்று வகையினர் தெரிவார்கள். இந்த ஆண்டே முடிபவர்கள், அடுத்த ஆண்டு முடிபவர்கள், நீண்ட காலம் இருப்பவர்கள். முதல் வகையில் உங்களுக்குத் தேவையானவர் இருந்தால் இன்றே பேசத் தொடங்குங்கள். தேவையில்லாதவர் என்றால் விற்க அலைய வேண்டாம். காலம் முடிந்ததும் அவரே கிளம்பிவிடுவார். வயதையும் சம்பளத்தையும் இதே வரிசையில் பார்த்துக் கொள்ளவும். 33 வயது வீரருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் இருந்தால், அது முன்னாள் மேனேஜர் உங்களுக்கு விட்டுச் சென்ற கடன்.

படி 4: 36 எண்களில் எட்டை மட்டும் பாருங்கள்

கோல் கீப்பர் தவிர்த்த ஒவ்வொரு வீரருக்கும் 36 திறன்கள் காட்டப்படும். பந்தைக் கையாளும் திறன்கள் 14, மனம் சார்ந்தவை 14, உடல் சார்ந்தவை 8. ஒவ்வொன்றும் 1 முதல் 20 வரையிலான எண். 24 பேருக்கும் எல்லா எண்களையும் பார்த்தால் தலை சுற்றும். அந்த இடத்துக்கு எது தேவையோ அதை மட்டும் பாருங்கள்.

உதாரணமாக, நடு டிபென்டருக்கு எட்டு எண்கள் போதும். தலையால் முட்டுதல், ஆளைக் காவல் காத்தல், பந்தைப் பறித்தல், சரியான இடத்தில் நிற்றல், முன்கூட்டியே ஊகித்தல், கவனம், எம்பும் உயரம், உடல் பலம். அவருடைய கோல் அடிக்கும் திறன் 4 என்று இருந்தால் அதனால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஸ்ட்ரைக்கருக்கு வேறு எட்டு எண்கள். அவருக்குக் காவல் காத்தல் 3 என்றால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். 36 எண்களுக்கும் சராசரி போட்டு வீரரை ஒதுக்குவது, மீனை மரம் ஏறச் சொல்லி மதிப்பெண் போடுவது போன்றது.

திரையில் காட்டப்படாத திறன்களும் சில உண்டு. எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரி ஆடுவாரா, பெரிய ஆட்டத்தில் நடுங்குவாரா, அடிக்கடி காயம் படுவாரா என்பவை எண்களாகத் தெரியாது. பயிற்சியாளர் தரும் ரிப்போர்ட்டில் வாக்கியங்களாக இருக்கும். மெடிக்கல் சென்டர் பகுதியில் காய வரலாற்றைப் பார்க்கலாம். இந்த வாக்கியங்களைப் படிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டாம்.

படி 5: யார் பேச்சை யார் கேட்கிறார்கள்?

2018 பதிப்பில் டைனமிக்ஸ் என்ற பகுதி சேர்க்கப்பட்டது. அணியின் தலைவர்கள் யார், செல்வாக்கு உள்ளவர்கள் யார், யார் யாரோடு சேர்ந்து இருக்கிறார்கள் என்பதை இது காட்டும். யாரையும் விற்கும் முன் இந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருக்காதீர்கள். நட்சத்திரம் குறைவாக உள்ள 34 வயது வீரர் ஒருவர் அணியின் தலைவராக இருக்கலாம். அவரை விற்ற மறுநாள் நான்கு பேர் முகத்தைத் தூக்கிக் கொண்டு உங்கள் அறைக் கதவைத் தட்டுவார்கள். அக்கா மகன் விற்ற 11 பேரில் இரண்டு பேர் இப்படிப்பட்ட தலைவர்கள். மீதி வீரர்களின் மனநிலைச் சின்னம் சிவப்பாக மாறியதை அவன் கடைசி வரை கவனிக்கவில்லை.

படி 6: லீக்கில் நாம் எங்கே?

டீம் ரிப்போர்ட் பகுதியில் ஒப்பீட்டுப் பக்கம் ஒன்று உள்ளது. வேகம், உயரம், பாஸ், உழைப்பு என்று ஒவ்வொரு திறனிலும் உங்கள் அணி லீக்கில் எத்தனையாவது இடம் என்று காட்டும். இதுவரை ஒவ்வொருவராகப் பார்த்தோம். இது மொத்த அணியின் ஜாதகம்.

வேகத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் இருக்கிறோம், பாஸ் செய்வதில் கடைசியில் இருக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் பந்தைக் கையிலேயே வைத்து அழகாக ஆடும் பாணி நமக்குச் சரிப்படாது. பின்னால் நின்று, கிடைத்த பந்தை விரைவாக முன்னே அனுப்பி ஓட வேண்டும். டிவியில் பார்த்துப் பிடித்துப்போன பார்மேஷனில் ஆட்களைத் திணிக்கக் கூடாது. ஆட்களைப் பார்த்த பிறகுதான் பார்மேஷன். இந்த வரிசை மாறினால் நல்ல வீரரும் சுமாராகத் தெரிவார், நாம் அவரை விற்றுவிடுவோம்.

இந்த ஆறு படிகளும் முடிந்த பிறகு இரண்டு மூன்று நட்பு ஆட்டங்கள் வையுங்கள். எல்லாருக்கும் ஆளுக்கு 45 நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகும் காலியாகத் தெரியும் இடத்துக்கு மட்டும் ஆள் தேடுங்கள்.

எக்ஸெல்லில் கொண்டு வருதல்

கம்ப்யூட்டர் பத்திரிகை வாசகர்களுக்காக ஒரு கூடுதல் வசதி. அணிப் பட்டியலில் தலைப்பு வரிசை மீது ரைட் கிளிக் செய்து வேண்டிய திறன்களைப் பத்திகளாகச் சேர்க்கவும். பின்னர் கண்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாரையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + பி அழுத்தவும். கிடைக்கும் சிறிய விண்டோவில் வெப் பேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடவும். அந்தப் பைலை எக்ஸெல்லில் திறந்தால் முழுப் பட்டியலும் செல்களில் வந்து உட்காரும். ஆவரேஜ் பங்ஷன் மூலம் மேலே சொன்ன எட்டு எண்களுக்கு மட்டும் சராசரி கண்டு, சார்ட் செய்து பார்க்கலாம். கண்டிஷனல் பார்மட்டிங் கொண்டு 13க்கு மேல் உள்ளவற்றைப் பச்சையாக்கினால் ஒரே பார்வையில் புரியும்.

ஒரு எச்சரிக்கை. பிற அணி வீரர்களின் திறன்கள் முழுதாகத் தெரியாதபோது கேம் 8-12 என்று வீச்சாகக் காட்டும். எக்ஸெல் இதைத் தேதி என்று எடுத்துக் கொண்டு மாற்றிவிடும். இதைத் தவிர்க்க, வெப் பேஜுக்குப் பதில் டெக்ஸ்ட் பைலாக சேவ் செய்து, எக்ஸெல்லில் இம்போர்ட் செய்திடும்போது அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் வகை என்று குறிப்பிடவும். பத்திகளைப் பிரிக்கும் குறியாக நெடுக்குக் கோட்டைத் தரவும்.

கண்மாய்த் தரையில் ஒரு பட்டியல்

இதையெல்லாம் கேமுக்கு வெளியே பயன்படுத்த முடியுமா என்று கேட்கலாம். சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துப் பையன்களின் கால்பந்து அணியைப் பார்த்துக் கொண்டிருந்தவர் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டார். பொறுப்பு அக்கா மகன் தலையில் விழுந்தது. கோடையில் வற்றிய கண்மாய்த் தரைதான் மைதானம். மொத்தம் 17 பையன்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்தான். "ஆறு பேரு வேஸ்ட் மாமா, கழிச்சு விட்டுடலாம்னு இருக்கேன்" என்றான்.

"கழிச்சு விட்டுட்டு யாரை வாங்கப் போற மாப்ளே? இங்க ஏது டிரான்ஸ்பர்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து எக்ஸெல்லில் 17 வரிசைகள் போட்டோம். எந்தெந்த இடத்தில் ஆடுவான், எந்தக் கால், எந்த நாள் வர முடியும், யாரோடு சேர்ந்து வருவான் என்று பத்திகள். பாதிக் கட்டங்களுக்கு அவனுக்கு விடை தெரியவில்லை. மறுநாள் கேட்டு வந்து நிரப்பினான்.

கழிப்பதாக இருந்த ஆறு பேரில் ஒருவன் தினமும் தாமதமாக வருபவன். ஆடுகளை ஓட்டி வந்து பட்டியில் அடைத்துவிட்டுத்தான் அவனால் வர முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அணியில் இரண்டு காலாலும் உதைக்கத் தெரிந்த ஒரே பையனும் அவன்தான். இடது பக்க டிபென்டர் கட்டம் அதுவரை காலியாக இருந்தது. பயிற்சியை அரை மணி நேரம் தள்ளி வைத்ததும் அந்தக் கட்டம் நிரம்பியது. பக்கத்து ஊரில் நடந்த போட்டியில் இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். ஆனால் 17 பேரும் இன்னும் ஆடுகிறார்கள்.

கேமில் ஒரு வீரரை அனுப்பிவிட்டால் பட்டியலில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான். 14 வயதுப் பையனை அனுப்பிவிட்டால் அவன் மறுபடி பந்தைத் தொடாமலே போகலாம். கேமில் எண்கள் தயாராக இருக்கின்றன. நிஜத்தில் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் இரண்டிலும் கேள்விகள் ஒன்றுதான்.

எந்தப் பதிப்பானாலும்

மேலே சொன்ன பகுதிகளின் பெயர்கள் 2024 பதிப்பைச் சேர்ந்தவை. 2025 பதிப்பு வெளிவரவில்லை. 2025 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. அதன் பின் 2025 நவம்பரில் யூனிட்டி என்ஜினில் உருவாக்கிய 2026 பதிப்பு வந்தது. இந்த வரிசையில் முதல் முறையாகப் பெண்கள் கால்பந்தும் இதில் சேர்ந்துள்ளது. திரை அமைப்பு பெரிதும் மாறியிருப்பதால் சில பகுதிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் படிகளின் வரிசை மாறாது.

சுருக்கமாக ஒரு முறை பார்ப்போம். மதிப்பெண் போடுபவரைச் சோதியுங்கள். தலை எண்ணுங்கள். ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள். இடத்துக்குத் தேவையான எண்களை மட்டும் பாருங்கள். அணிக்குள் யாருக்குச் செல்வாக்கு என்று தெரிந்து கொள்ளுங்கள். லீக்கில் உங்கள் இடத்தைப் பார்த்துப் பார்மேஷனை முடிவு செய்யுங்கள். இதற்கெல்லாம் ஒரு மாலைப் பொழுது போதும்.

இந்த வார இறுதியில் சென்னையின் எப்.சி.யையோ உங்களுக்குப் பிடித்த வேறு அணியையோ எடுத்து, முதல் டிரான்ஸ்பர் காலத்தை மூடி வைத்து விளையாடிப் பாருங்கள். விற்க நினைத்த ஆட்களில் எத்தனை பேர் சீசன் முடிவில் உங்கள் முதல் பதினொன்றில் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள்.